நடீன் ஹோலுப் கேட்காத மன்னிப்பு

மேற்கு டெக்ஸஸில் எங்கள் கோல்டர் வெல்ஸ் வட்டாரத்தில் யார் வீட்டுச் செப்டிக் டேங்க் நிரம்பினாலும் இன்றைக்கும் ஒரே ஒரு லாரிதான் வரும். ஓட்டிக்கொண்டு வருகிறவள் நடீன் ஹோலுப். ஐம்பது தாண்டியவள். ஒட்ட வெட்டிய முடி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், வாயில் எந்நேரமும் சூயிங்கம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றால் மட்டும் குழாயை அப்படியே கீழே போட்டுவிடுவாள். "கைய எடுங்க. இது உங்க வீட்டுதுதான், எங்க வீட்டுது இல்ல" என்பாள். கையை எடுக்கிறவரை மோட்டார் ஓடாது. புதிதாகக் குடிவந்தவர்கள் இதைத் திமிர் என்பார்கள். திமிர்தான், யார் இல்லை என்றது? அது எப்போது வந்தது என்று ஊரில் பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். எங்கள் பள்ளியில் ஹெல்மெட் மாட்டி முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறவன் ராஜா, அவனுக்காக மைதானத்தோரம் குதிக்கிற பெண் ராணி, மிச்சப் பேர் கைதட்டப் பிறந்தவர்கள். நடீன் கைதட்டவும் மாட்டாள். பள்ளி பேண்டின் கடைசி வரிசையில், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழலை ஊதுவாள். அவளுக்கு ஒரு பக்கம் ஒஃபீலியா பாரியென்டோஸ். ஐந்தடிகூட இல்லாத பெண், ஆனால் சுமப்பது பேண்டிலேயே பெரிய டிரம். எதிரே வந்தால் டிரம்முக்குக் கால் முளைத்து நடப்பது மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் ஜால்ரா தட்டும் கர்டிஸ் வீம்ஸ். நன்றாகப் படம் வரைவான். மழையே பெய்யாத ஊரில் வருடம் முழுக்க மழைக்கோட்டு போட்டுக்கொண்டு திரிவான். சாப்பாட்டு மேஜையில் இந்த மூன்று பேரோடு வேறு யாரும் உட்கார மாட்டார்கள். உன் அப்பா செப்டிக் லாரி ஓட்டுகிறவர், நீ மெக்ஸிகோக்காரி, நீ கிறுக்கன் என்று ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது.

அக்டோபரில், பழைய மாணவர்களும் ஊர் திரும்பி வந்து பார்க்கும் ஹோம்கமிங் ஆட்டம் வரும். அன்றைக்குப் பெண்கள் நெஞ்சில் செவ்வந்தி குத்திக்கொண்டுதான் பள்ளிக்குப் போக வேண்டும். நிஜப் பூ இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பட்டுத் துணியில் செய்த பூ, அதிலிருந்து முழங்கால்வரை தொங்கும் ரிப்பன்கள், குட்டி மணிகள், பொன்னெழுத்தில் பெண்ணின் பெயர். பையன்தான் அனுப்ப வேண்டும். செவ்வந்தி வராத பெண்ணுக்கு அன்று காலை தலைவலி வந்துவிடும். நடீனுக்கு மூன்று வருடமாகத் தலைவலி.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்தச் செவ்வந்தியைக் கட்டிக் கொடுக்கிறவளே நடீனின் அம்மா அல்பீனாதான். செப்டம்பர் வந்தால் அவள் சமையலறை மேஜை முழுக்க ரிப்பனும் பசையுமாகக் கிடக்கும். அடுத்த வீட்டுப் பெண்களின் பெயரையெல்லாம் எழுத்தெழுத்தாக ஒட்டிக்கொண்டே, "உனக்கும் ஒரு வருஷம் வரும் பாரு" என்பாள். தன் மகளுக்குத் தானே கட்டிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா கட்டிக் கொடுத்த செவ்வந்தியோடு போனால் அந்தப் பெண் அந்த ஊரில் தலை நிமிர முடியாது. அது அல்பீனாவுக்கும் தெரியும்.

அந்த வருடம் வந்தேவிட்டது. காலையில் வாசல் கதவைத் திறந்தால் ஒரு பெரிய பெட்டி. உள்ளே வெள்ளைச் செவ்வந்தி, நீல ரிப்பன், நடீன் என்று பொன்னெழுத்து. வெட்கப்படுகிற பையன்கள் இப்படி வாசலில் வைத்துவிட்டு ஓடுவது உண்டு. அல்பீனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கடையில சொல்லிச் செஞ்சிருக்கான்டி. பின்னல் பாரு, எவ்வளவு நெருக்கமா இருக்கு. வாசனைகூடப் போட்டிருக்கான்."

"யாரும்மா வச்சது?"

"எனக்கென்ன தெரியும்? உனக்குத்தான் தெரியணும். நிமிந்து நில்லு, குத்திவிடுறேன்."

குத்திவிட்டாள். போட்டோ எடுத்தாள். ஷைனர் என்ற ஊரில் இருக்கும் அத்தைகளுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் போட்டுச் சொன்னாள். நடீன் மணி கிணுகிணுக்கப் பள்ளிக்குப் போனாள். எந்த டேங்க் எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெருமுனையிலிருந்தே மோப்பம் பிடித்துச் சொல்லக்கூடிய பெண், தன் நெஞ்சிலிருந்து வந்த வாடையைக் கண்டுபிடிக்கவில்லை. சந்தோஷம் மூக்கையும் அடைக்கும் போலிருக்கிறது.

இரண்டாவது வகுப்பில் டஸ்டி ரட்டக் எழுந்து நின்றான். ஃபுட்பால் அணியின் தலைவன், பெரிய பண்ணை வீட்டுப் பையன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "லாரி வெளியதான நிக்கும்? உள்ள வந்துருச்சா?" என்று கேட்டான். அவன் கூட்டாளிகள் எல்லாரும் அதே நொடியில் மூக்கைப் பொத்தினார்கள். டஸ்டி கிட்டே வந்து ரிப்பனைப் புரட்டிக் காட்டினான். ஆண்கள் கழிப்பறையில் சிறுநீர்த் தொட்டியில் போடும் வாசனை வில்லைகள், வலைத்துணியில் சுற்றி, வரிசையாகத் தைத்திருந்தன. வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. வாத்தியாரும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

நடீன் அழவில்லை. பகல் முழுக்க அதைக் கழற்றவும் இல்லை. சாயங்காலம் பேண்ட் அறையில் கத்தரிக்கோலால் ஒவ்வொரு வில்லையாக வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். பக்கத்தில் ஒஃபீலியாவும் கர்டிஸும் நின்றார்கள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறியா இத?" என்றாள் ஒஃபீலியா.

"போகணும். அம்மா கேப்பாங்க."

"என்னன்னு சொல்லுவ?"

"பேண்ட்ல ஒரு பையன், கூச்சப்படுறவன், பேரு சொல்ல வேணாம்னான்னு சொல்லுவேன். என்னை ஏமாத்தினான், சரி, நான் தாங்கிப்பேன். எங்கம்மாவ ஏமாத்திட்டான்டி. அது அவங்களுக்குத் தெரியவே கூடாது. ஆனா அவன நான் விடமாட்டேன்."

கர்டிஸ் மழைக்கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே, "விடமாட்டோம்னு சொல்லு" என்றான்.

வீட்டில் அல்பீனா அந்தச் செவ்வந்தியை முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "கூச்ச சுபாவமாம். நல்ல பையனாத்தான் இருப்பான்" என்றாள். நடீன் தினமும் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பாட்டு மேஜைக்குப் போகப் பழகிக்கொண்டாள்.

யுத்தம் தொடங்கியது. எங்கள் பக்கம் காற்றடித்தால் காய்ந்த முள்செடிகள் பந்துபந்தாகச் சாலையில் உருண்டு வரும். ஒரு நாள் பயிற்சி முடிந்து டஸ்டி வந்து பார்த்தால், அவன் பிக்கப் வண்டிக்குள் கூரைவரை முள். ஸ்டியரிங் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்தே போனான். இருக்கையில் தைத்த முள்ளைப் பிடுங்க ஒரு வாரம் ஆனதாகக் கேள்வி.

அவன் சும்மா இருப்பானா? கெளுத்தி மீன் பிடிக்கப் போடும் அழுகல் இரையை நடீனின் குழலுக்குள் திணித்துவிட்டான். அவள் மூச்சை இழுத்து ஊதினாள் பாருங்கள், முன்வரிசைக் கிளாரினெட் பெண்கள் அத்தனை பேர் முதுகிலும் தெறித்தது. அடுத்த வாரம் ஒஃபீலியாவின் டிரம் தோலை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். இடைவேளை அணிவகுப்பில் அவள் ஓங்கி ஓங்கி அடித்தாள், சத்தமே வரவில்லை. தோளில் பட்டை அறுக்க, கிழிந்த டிரம்மைச் சுமந்துகொண்டு மைதானத்தை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நின்றாள். ஃபுட்பால் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல்வர் பிங்கமிடம் போய்ச் சொன்னாள் ஒஃபீலியா. "பசங்கன்னா அப்படித்தாம்மா இருப்பாங்க" என்று அனுப்பிவிட்டார்.

"அப்ப நாமளும் பசங்கதான்" என்றாள் நடீன்.

ஆட்டத்துக்கு முன்னால் மைதான வாயிலில் ஒரு பெரிய சட்டத்தில் காகிதத் திரை கட்டுவார்கள். அணி மொத்தமும் ஓடி வந்து அதைக் கிழித்துக்கொண்டு பாயும், ஊர் ஆர்ப்பரிக்கும். திரையில் படம் வரைவது கர்டிஸின் வேலை. குதிக்கிற பெண்களுக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், அதற்கு மட்டும் அந்தக் கிறுக்கன் வேண்டும். இந்த முறை அவன் இரண்டு தாளில் வரைந்தான். இரண்டுக்கும் நடுவில் நடீனின் அப்பா லாம்பெர்ட் ஹோலுப்பின் லாரித் தார்ப்பாயை வைத்துச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். அந்தத் தார்ப்பாய் மண் மூட்டையை எறிந்தாலும் கிழியாது.

வெள்ளிக்கிழமை ஆட்டம். பேண்ட் முழங்க, டஸ்டி முன்னால், அணி பின்னால், கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். டஸ்டி தலையைக் குனிந்து பாய்ந்தான். திரை அவனை உள்ளே வாங்கி, அப்படியே திருப்பி அனுப்பியது. பின்னால் வந்தவன் அவன்மேல், அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன்மேல். ஹெல்மெட்டும் காலுமாக ஒரு குவியல். டஸ்டிக்கு மூக்கில் ரத்தம். ஊர் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. எங்கோ மேல்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் சிரித்தார், அப்புறம் நிறுத்த முடியாமல் பலர் சிரித்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. மோதின வேகத்தில் முன்தாள் கழன்று மெதுவாகச் சரிந்தது. உள்ளே ஆளுயர எழுத்தில், ஹோலுப் செப்டிக் சர்வீஸ் என்று போன் நம்பரோடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த தார்ப்பாய். அதில் எழுத்து இருக்கிறது என்பதே நடீன் நினைவில் இல்லை. இருட்டு மூலையில் வைத்துக் கட்டின மற்ற இருவரும் பார்க்கவில்லை. அன்றைக்கு அணி தோற்றது. எங்கள் ஊரில் கொலையைக்கூட மன்னிப்பார்கள்.

திங்கட்கிழமை பிங்கம் மூவரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏம்மா செஞ்ச?"

"சும்மா" என்றாள் நடீன்.

"ஒரு காரணம் இருக்கணுமே. சொல்லு, யோசிக்கிறேன்."

ஒஃபீலியா வாயைத் திறந்தாள். நடீன் அவள் காலை மிதித்தாள். சொன்னால் விசாரிப்பார்கள், வீட்டுக்குப் போன் போகும், முன்னறைச் சுவரில் தொங்குவது என்னவென்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"காரணம் இல்ல சார்."

"சரி. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி நடக்கிற உற்சாகக் கூட்டத்துல, ஜிம்ல, எல்லார் முன்னாடியும் மைக்ல நீ டஸ்டிகிட்டயும் அணிகிட்டயும் மன்னிப்பு கேக்கணும். கேக்கலன்னா மூணு பேரும் பேண்ட்ல இனி கிடையாது."

அந்த மூன்று பேருக்கும் பேண்டை விட்டால் அந்தப் பள்ளியில் வேறு என்ன இருந்தது? அந்தக் கடைசி வரிசை ஒன்றில்தான் அவர்கள் இல்லாவிட்டால் குறை தெரியும். வெளியே வந்ததும் ஒஃபீலியா, "நீ கேக்காத. போனா போகுது பேண்டு" என்றாள். பொய். டிரம் இல்லாமல் அவள் என்ன செய்வாள் என்று நடீனுக்குத் தெரியும்.

"கேட்டுடுறேன்" என்றாள் நடீன். "ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு பேரும் தப்பிச்சிடுவீங்க. அம்மாவுக்கும் ஒண்ணும் தெரியாது."

வெள்ளிக்கிழமை ஜிம் நிரம்பி வழிந்தது. பெற்றோரும் வருவார்கள். அல்பீனா வழக்கம்போல ஃபுட்பால் அணிப் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய தட்டு நிறையக் கொலாச்சி என்னும் இனிப்பு பன் சுட்டு, பிளம்ஸ் பாகு வைத்தது, ஆப்ரிகாட் வைத்தது என்று எடுத்து வந்து வாயிலோர மேஜையில் வைத்துவிட்டு, படிக்கட்டு இருக்கையில் நடுவில் உட்கார்ந்தாள். தார்ப்பாய் விஷயத்தில் மகள்மேல் கோபம்தான். இருந்தாலும் நல்ல கவுன் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பிங்கம் மைக்கை நடீன் கையில் கொடுத்தார். எதிரே நாற்காலி வரிசையில் அணி. நடுவில் டஸ்டி, மூக்கில் பிளாஸ்திரி. நடீன் தொண்டையைச் செருமினாள். டஸ்டி மெதுவாகக் கையைத் தூக்கி, பிளாஸ்திரி போட்ட மூக்கைப் பொத்தினான். வரிசை முழுக்க மூக்கைப் பொத்தியது. ஜிம்மில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி, அடுத்த மூலைக்குப் பரவியது.

நடீன் அம்மாவைப் பார்த்தாள். அல்பீனாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன வேடிக்கை என்று புரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்து, தானும் ஊரில் ஒருத்தி என்ற சந்தோஷத்தில் சிரித்தாள்.

அதைத்தான் நடீனால் தாங்க முடியவில்லை. வேறு எதையும் தாங்கியிருப்பாள்.

"ஹோம்கமிங் அன்னைக்கு எங்க வாசல்ல ஒரு செவ்வந்தி இருந்துச்சு" என்றாள் மைக்கில். "வச்சது டஸ்டி. ரிப்பனுக்கு உள்பக்கம் ஆம்பளைங்க கக்கூஸ்ல போடுற வில்லையத் தச்சு அனுப்பியிருந்தான். எங்கம்மா அத வாசனைன்னு நெனச்சாங்க. என் நெஞ்சுல குத்திவிட்டு, எங்க அத்தைங்களுக்கெல்லாம் போன் பண்ணாங்க. இங்க இருக்கிற பாதிப் பேருக்கு இது தெரியும். அன்னைக்கும் சிரிச்சீங்க, இன்னைக்கும் சிரிக்கிறீங்க. நான் இவன்கிட்ட மன்னிப்பு கேக்க மாட்டேன். நாளைக்கும் கேக்க மாட்டேன். சாகுறவரை கேக்க மாட்டேன்." பிங்கம் மைக்கைப் பிடுங்க வந்தார். அவள் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உன்கிட்ட மட்டும் கேக்குறேன். பொய் சொல்லிட்டேன்."

அல்பீனாவின் முகத்தில் சிரிப்பு போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவள் எழுந்தாள். முழங்கால் வலிக்காரி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அத்தனை பேரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். வாயிலோர மேஜைக்குப் போய்க் கொலாச்சித் தட்டை எடுத்து மூடியைப் போட்டாள்.

"அல்பீனா, கொஞ்சம் பொறுங்க, பேசலாம்" என்றார் பிங்கம்.

"பசங்கன்னா அப்படித்தான சார் இருப்பாங்க? அதத்தான அன்னைக்கு பாரியென்டோஸ் பொண்ணுகிட்ட சொன்னீங்க? அவ அம்மா என்கிட்ட சொன்னா." தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பொண்ணுங்களும் அப்படித்தான் இருப்பாங்க. நடீன், வா. நீங்க ரெண்டு பேரும் வாங்க."

நான்கு பேரும் வெளியே போனார்கள். வீட்டுக்கு வந்ததும் அல்பீனா சுவரிலிருந்து செவ்வந்தியைக் கழற்றி, ரிப்பனை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு மற்றதை அடுப்பில் போட்டாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நடீனால் கதவுக்கு வெளியே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஒஃபீலியாவும் கர்டிஸும் சமையலறையில் உட்கார்ந்து, ஃபுட்பால் அணிக்குச் சுட்ட கொலாச்சி அத்தனையையும் தின்றார்கள்.

சொன்னபடியே மூவரையும் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு, மைதான வேலிக்கு வெளியே செப்டிக் லாரி நின்றது. அதன்மேல் நடீன் கல்யாணங்களில் வாசிக்கும் போல்கா பேண்டிலிருந்து அவள் மாமா கொடுத்த பழைய டியூபாக் குழலோடும், ஒஃபீலியா சர்ச் டிரம்மோடும், கர்டிஸ் பானை மூடிகளோடும் உட்கார்ந்து, எதிரணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் வாசித்தார்கள். வேலிக்கு வெளியே இருப்பதால் பிங்கமால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போலீஸ்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் வந்து ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங். ஹோலுப் வீட்டில் ஷைனர் அத்தைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வான்கோழி அடுப்பில் இருந்தது. போன் அடித்தது. அல்பீனா எடுத்தாள்.

"அல்பீனா, கண்ணு, நான் வாண்டா ரட்டக். லாம்பெர்ட்ட உடனே அனுப்ப முடியுமா? குளியலறையில மேல பொங்கி வருது. வீடு நிறைய ஆளுங்க, டல்லாஸ்லேந்து சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க."

"பண்டிகை நாளாச்சே வாண்டா."

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

"காசு வேணாம். டஸ்டிய அனுப்பு."

"அவன் எதுக்கு?"

"அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அல்பீனா போனை வைத்தாள். லாம்பெர்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். "மேல வருதுன்னா சீக்கிரம் போகணும்" என்றார். "வரட்டும்" என்றாள் அல்பீனா. அவர் தொப்பியை ஆணியில் திரும்ப மாட்டினார்.

டஸ்டியின் பிக்கப் முற்றத்தில் வந்து நிற்க வெகுநேரம் ஆகவில்லை. பண்டிகைச் சட்டை, சீவிய தலை. நடீன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அத்தைகள் ஜன்னலுக்கு ஜன்னல் நின்றார்கள்.

"எங்கம்மா அனுப்பினாங்க" என்றான் தரையைப் பார்த்து.

"தெரியும்."

"அது ஒரு வெளையாட்டுக்குச் செஞ்சது."

"சரி, அப்ப வெளையாட்டா வீட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. காலால் மண்ணைக் கிளறினான். "தப்புதான். மன்னிச்சுக்கோ" என்றான்.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் நடீன். "மன்னிச்சேன்னு நான் சொல்லல. கேட்டுக்கிட்டேன்."

அவன் திரும்பிப் போகப் பார்த்தான். படியில் நின்றிருந்த அல்பீனா, "எனக்கு?" என்றாள்.

டஸ்டி நிமிர்ந்தான். "உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணலையே மேடம்."

"பண்ணின. அன்னைக்குக் காலைல அவளவிட சந்தோஷப்பட்டது நான்தான். நாலு வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்தேன், அவ இல்ல. நீ ஏமாத்தினது என்னை."

அவன் அதை யோசித்தே பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெரிய உடம்பு, பதினேழு வயசுப் பையன். "மன்னிச்சிடுங்க" என்றான். இந்த முறை குரல் வேறு மாதிரி வந்தது.

அல்பீனா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"லாம்பெர்ட், லாரிய எடு. நடீன், பூட்ஸ போடு." பிறகு அவனிடம், "நீயும் அதுலயே ஏறு. குழா புடிக்க ஆள் வேணும்" என்றாள்.

டல்லாஸ் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் தாழ்வாரத்தில் நின்று பார்க்க, நடீன் சொல்லச் சொல்ல, அந்தப் பண்டிகைச் சட்டையோடு அவன்தான் குழாயைப் பிடித்தான்.